கடிதம் எழுதாமல் போன டீச்சர்கள்

செஞ்சியில் ஒரு தனியார் பள்ளி டீச்சர் வேலையை விட்டுவிட்டார் என்பது ஊருக்கு எப்படித் தெரியவரும்? ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நான்காம் வகுப்பு ‘பி’ பிரிவில் வேறு ஒரு டீச்சர் நின்றுகொண்டிருப்பார். அவ்வளவுதான். பிரிவு உபசாரம் கிடையாது. ராஜினாமாக் கடிதம்கூடப் பெரும்பாலும் கிடையாது. மே மாதச் சம்பளம் பல பள்ளிகளில் எப்படியும் வராது என்பதால், ஏப்ரலின் கடைசி வேலைநாளே பலருக்கு அந்த வேலையின் கடைசி நாளாகிவிடுகிறது. பிள்ளைகள் இரண்டு நாள் பழைய மிஸ் எங்கே என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் புது மிஸ்ஸிடம் பழகிவிடுவார்கள்.

அதே ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால் பேச்சு சுற்றிச் சுற்றி ஓரிடத்தில் வந்து நிற்கும்: “விட்டுட்டுப் போயிடலாம்னு இருக்கு சார்.” எமிஸ் இணையப் பதிவு, பயிற்சி, கூட்டம், தேர்தல் வேலை, டெட் என்கிற தகுதித் தேர்வு என்று காரணங்களை அடுக்குவார்கள். டீ ஆறும். மறுநாள் காலை எட்டரை மணிக்கு அதே நாலு பேரும் அதே பைக்கில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

விடுகிறவர் ஒருவர். விட வேண்டும் என்று புலம்புகிறவர் வேறொருவர். ஆசிரியர்களின் மன அழுத்தம் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் இந்த இருவரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். செஞ்சி மாதிரி சின்ன ஊரில் நின்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு கதை என்பது பளிச்சென்று தெரிகிறது.

செஞ்சி பேரூராட்சிதான். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய கோட்டைக்குக் கீழே இருக்கிற ஊர். 2025 ஜூலையில் மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்ற தொகுப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை இது. மற்ற 11-ம் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. ஆனால், ஊரின் பிழைப்பு கோட்டையில் இல்லை. நெல் மூட்டைகள் வந்து இறங்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை, அரிசி ஆலைகள், அமாவாசை தோறும் மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டம் ஆகியவைதான் இங்கே காசு புரளும் இடங்கள். இவற்றில் படித்த பெண்ணுக்கு அதிக வேலை இல்லை. பி.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு, கல்யாணமாகி, ஊரை விட்டு நகர முடியாத பெண்ணுக்குக் ‘கௌரவமான’ வேலை என்றால் அது பள்ளிக்கூட வேலைதான். காலை ஏழரை மணிக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் மஞ்சள் வேன்களில் பிள்ளைகளோடு சேர்ந்து டீச்சர்களும் வந்து இறங்குகிறார்கள்.

சர்வர் போனால் யாரும் திட்டுவதில்லை

திருவண்ணாமலை சாலையில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. கூடவே இ-சேவை மையம். நடத்துகிறவர் பதினோரு ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தவர். பெயர் வேண்டாம் என்றார். காரணம் எளிது. அவருடைய பையன் இன்னும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறான்.

நான் போயிருந்தபோது முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு பெரியவர் வந்திருந்தார். ஆதார் எண்ணைத் தட்டியதும் செல்போனுக்கு ஓடிபி வர வேண்டும். போன் பெரியவருடையது, அதில் போட்டிருக்கும் சிம் பேரனுடையது, ஆதாரில் இருக்கும் எண்ணோ எப்போதோ தொலைந்துபோன சிம்மினுடையது. “பெரியப்பா, முதல்ல நம்பரை மாத்தணும். அதுக்கு இந்த ஃபாரம். கைரேகை வைக்கணும், அதனால நீங்களே வரணும், பேரனை அனுப்பாதீங்க. புரிஞ்சுதா? என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க பாப்போம்.” பெரியவர் திருப்பிச் சொன்னார். பாதியைத்தான் சொன்னார். டீச்சர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். குரலில் சலிப்பில்லை. வேலைதான் மாறியிருக்கிறதே தவிர வகுப்பு நடத்துவது மாறவில்லை என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு ஒரு திருத்தம் போட்டார். இங்கே சர்வர் தொங்கினால் வருகிறவர்கள் சர்வரைத் திட்டுகிறார்கள். அங்கே ஒரு பிள்ளை கணக்கில் முப்பத்து நாலு மார்க் வாங்கினால் டீச்சரைத்தான் நிற்கவைத்துக் கேட்டார்கள்.

அவர் சொன்ன பள்ளி நாளைக் கேட்டால் கணக்குப் பாடம் அதில் கால்வாசிதான். எட்டு மணிக்கு வேன் டூட்டி. வேனிலிருந்து இறங்குகிற எல்.கே.ஜி. பிள்ளைகளை எண்ணி வகுப்புக்கு அனுப்ப வேண்டும். எட்டு பீரியடில் ஏழு அவருக்கு. மீதி ஒன்று யாராவது லீவ் போட்டால் போய்விடும். நாற்காலி இருக்கும், உட்கார்ந்தால் சிசிடிவியில் தெரியும். வகுப்பு நோட்டு, வீட்டுப்பாட நோட்டு, தேர்வு நோட்டு என்று ஒரு பிள்ளைக்கு மூன்று. ஐந்து வகுப்புகளுக்கு எத்தனை நோட்டு திருத்த வேண்டும் என்பதைக் கணக்கு டீச்சரிடமே கேட்கலாம். ஃபீஸ் கட்டாத பிள்ளைகளின் பட்டியலை வாசிக்கிற வேலையும் கிளாஸ் டீச்சருடையது. ஐந்தாவது படிக்கிற பிள்ளையை எழுப்பி ‘அப்பாவை வரச் சொல்லு’ என்று சொல்வதற்காக பி.எட். படிக்கவில்லை என்றார். அதைச் சொன்னபோதுதான் அவர் குரல் முதல்முறையாகக் கரகரத்தது.

ஏப்ரல், மே மாதங்களில் அட்மிஷன் கேன்வாஸ் இருக்கிறது. கையில் நோட்டீஸோடு வெயிலில் ஊர் ஊராகப் போய், வீடு வீடாகக் கதவைத் தட்டி, இத்தனை பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டும் என்ற கணக்கு. தமிழ்நாட்டின் சின்ன ஊர்த் தனியார் பள்ளிகளில் இது ரகசியமே இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் வகுப்பு வாட்ஸ்அப் குழு விழித்துக்கொள்ளும். ‘மிஸ், டைரில என்ன எழுதியிருக்கீங்க, புரியல’ என்று ஒரு அம்மா குரல் பதிவு போடுவார். பதில் போடாவிட்டால் மறுநாள் பிரின்சிபால் அறை.

இதையெல்லாம் அடுக்கிவிட்டு அவர் சொன்னதில் ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பிள்ளைகளால் வந்த தலைவலி என்று எதையும் அவர் சொல்லவே இல்லை. நாற்பத்தைந்து பிள்ளைகள் இருக்கிற வகுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அந்த நாற்பது நிமிடம்தான் நிம்மதி என்றார்.

சட்டத்தின் கண்ணில் அவர் தொழிலாளி இல்லை

சம்பளத்துக்கு வருவோம். செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி வட்டாரத்துப் பள்ளிகளில் பேச்சில் அடிபடும் தொகை எட்டாயிரம், பத்தாயிரம். பெரிய பள்ளி, பிளஸ் டூ பாடம் என்றால் கொஞ்சம் மேலே. அரசுப் பள்ளியில் புதிதாகச் சேருகிற இடைநிலை ஆசிரியரின் அடிப்படைச் சம்பளமே 20,600 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. படிப்பு ஒன்றுதான், பாடப்புத்தகம் ஒன்றுதான். நடுவில் ஒரு மதில் நிற்கிறது.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. 1988-ல் சுந்தராம்பாள் என்ற ஆசிரியை கோவா அரசுக்கு எதிராக நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆசிரியர் பணி உடலுழைப்போ எழுத்தர் வேலையோ தொழில்நுட்ப வேலையோ அல்ல. ஆகவே அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் ‘தொழிலாளி’ ஆக மாட்டார். மரியாதையாகத்தான் சொன்னார்கள், கல்வி என்பது உன்னதமான பணி என்று. ஆனால் நடைமுறையில் பாருங்கள்: பள்ளி வேன் ஓட்டுகிறவரைக் காரணமில்லாமல் நிறுத்தினால் அவர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த வேனில் வருகிற டீச்சருக்கு அந்தக் கதவு கிடையாது. பணிக்கொடையிலும் இதே கதைதான். 2004-ல் உச்ச நீதிமன்றம் பணிக்கொடைச் சட்டத்தில் ஆசிரியர்கள் வரமாட்டார்கள் என்றது. நாடாளுமன்றம் 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997-லிருந்தே செல்லும் என்று ஆக்கியது. அதை எதிர்த்துப் பள்ளி நிர்வாகங்கள் வழக்குப் போட, 2022 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம் திருத்தம் சரி என்று முடித்துவைத்தது. ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்த தனியார் பள்ளி ஆசிரியருக்குப் பணிக்கொடை உண்டு. கடைக்கார டீச்சரிடம் இதைச் சொன்னேன். பதினோரு ஆண்டுகளுக்கு எவ்வளவு வரும் என்று உடனே மனக்கணக்குப் போட்டார். பிறகு, எந்தத் தேதியில் சேர்ந்தேன் என்பதற்கே என்னிடம் காகிதம் இல்லையே என்றார்.

இந்த வட்டாரத்தில் இன்னொரு வேலை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. செய்யாறு சிப்காட்டில் உலகப் புகழ்பெற்ற விளையாட்டுக் காலணிகள் தயாராகும் ஆலை இருக்கிறது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார்கள். ஷிப்ட் முடிந்தால் பஸ், பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு. பி.எட். படித்த பெண் அங்கே தையல் வரிசைக்குப் போனால் ஊர் ‘ஐயோ பாவம்’ என்கிறது. ஆனால், கறுப்புப் பலகையை விட்டு ஷூ ஆலைக்குப் போன நாளிலிருந்துதான் சட்டம் அவரைத் தொழிலாளியாகப் பார்க்க ஆரம்பிக்கிறது என்பதை அந்த ஐயோ பாவத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இத்தனை பேர் இவ்வளவு குறைந்த சம்பளத்துக்கு எப்படி வந்தார்கள்? இரண்டாயிரங்களின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். பிளஸ் டூ முடித்த பெண்ணை டீச்சர் டிரெய்னிங் சேர்த்துவிட்டால் போதும், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் என்றைக்காவது அரசு வேலை வந்துவிடும் என்று நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டிய காலம். தனியார் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் நெடுஞ்சாலையோரம் எல்லாம் முளைத்தன. பிறகு 2010 ஆகஸ்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் முதல் டெட் நடந்தபோது ஆறு லட்சத்துக்கு மேல் எழுதினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. கேள்வித்தாளுக்கு நேரம் போதவில்லை என்று கூச்சல் எழுந்து, அக்டோபரில் துணைத் தேர்வு வைத்தார்கள். பயிற்சி நிறுவனங்கள் பல மூடப்பட்டன. அவற்றில் படித்துவிட்டு வெளியே வந்த பெண்கள் மட்டும் மிச்சம். தனியார் பள்ளிகளின் மலிவுச் சம்பளத்துக்கு அந்த மிச்சம்தான் மூலதனம்.

கொரோனா இதில் ஒரு திருப்பம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். ஃபீஸ் வரவில்லை என்று பள்ளிகள் சம்பளத்தைப் பாதியாக்கின, பிறகு நிறுத்தின. ஆசிரியர்கள் நூறு நாள் வேலைக்குப் போனார்கள், காய்கறி விற்றார்கள், மாவு அரைத்து விற்றார்கள். தெலங்கானா அரசு தன் மாநிலத் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் கொடுக்கும் அளவுக்கு நிலைமை போனது. பள்ளி திறந்ததும் எல்லோரும் திரும்பி வரவில்லை. வேறு வேலை செய்து பார்த்துவிட்டார்கள் அல்லவா! இட்லி மாவில் மாதம் எட்டாயிரம் வருகிறது, யாரும் கத்துவதில்லை என்று தெரிந்துவிட்டபின், கேன்வாஸ் நோட்டீஸை மறுபடி கையில் வாங்க மனம் வருமா?

அந்த நேரத்தில்தான் இல்லம் தேடிக் கல்வி வந்தது. இந்தத் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்ததே விழுப்புரம் மாவட்டத்தில்தான். 2021 அக்டோபர் 27, மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பம். மாலையில் ஒன்றரை மணி நேரம், தெருப் பிள்ளைகள் இருபது பேர், மாதம் 1,000 ரூபாய். பள்ளியை விட்ட டீச்சர்கள் பலர் இதில் தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். ஆயிரம் ரூபாய் பெரிய காசில்லை. ஆனால் அது வெறும் வகுப்பு. ஃபீஸ் பட்டியல் இல்லாத, வேன் டூட்டி இல்லாத வகுப்பு.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? வீட்டு டியூஷன் முதலிடம். எல்.ஐ.சி. முகவர், அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவர், ஆரி தையல், பியூட்டி பார்லர், ஜவுளிக்கடை பில் கவுண்டர். மகளிர் குழுக் கடன் கொடுக்கும் கம்பெனிகளில் வசூல் வேலைக்குப் போனவர்களும் உண்டு. காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்து, கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து, தவணை கட்ட முடியாத பெண்ணுக்காகக் குழுவையே காக்கவைக்கிற வேலை. அழுத்தம் குறைந்த வேலை தேடிப் போய் வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்தவர்கள் இவர்கள். இதில் நான் சந்தித்த ஒருவர் ஆறே மாதத்தில் மறுபடி பள்ளிக்கே போய்விட்டார்.

கோட்டை உலகப் பட்டியலில் சேர்ந்ததும் வரலாறு படித்த சிலருக்கு வழிகாட்டி ஆகலாமா என்ற ஆசை வந்திருக்கிறது. நியாயமான ஆசைதான். கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் வேங்கடரமணர் கோயிலையும் வகுப்பு எடுத்த வாயால் விளக்கினால் எப்படி இருக்கும்! ஆனால் மே மாத வெயிலில் ராஜகிரி ஏறி இறங்குகிற வேலை அது. வருமானம் சனி, ஞாயிறை நம்பி இருக்கிறது. இப்போதைக்கு ஆசை ஆசையாகவே இருக்கிறது.

ஆசிரியர் வேலையை விட்டவர்களில் நம் எல்லோருக்கும் தெரிந்தவர் பாரதி. 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்துவிட்டு சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர சென்னைக்குப் போய்விட்டார். அழுத்தம் குறைந்த வேலைக்குப் போனார் என்று யாரும் சொல்ல முடியாது. நாலே ஆண்டில் போலீஸுக்குத் தப்பிப் புதுச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது! ஆர்.கே. நாராயணும் சென்னபட்டணாவில் ஆசிரியர் வேலைக்குப் போன வேகத்திலேயே திரும்பிவந்து எழுத உட்கார்ந்தவர். ஆண்கள் வகுப்பறையை விட்டு வெளியேறியது இலக்கிய வரலாற்றில் இடம்பிடித்தது. செஞ்சி டீச்சர் வெளியேறியதை வருகைப் பதிவேட்டில்கூட யாரும் எழுதவில்லை. சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்திருப்பார்கள்.

ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது

இனி, புலம்புகிறவர்கள் கதை.

அரசு ஆசிரியர் வேலை செஞ்சிக் கோட்டை மாதிரி. வெளியே இருப்பவர் ஏற முடியாது. உள்ளே இருப்பவர் இறங்க முடியாது. ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690-லிருந்து முற்றுகையிட்டும் 1698-ல்தான் இந்தக் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. அதற்குள் உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பிவிட்டார். நம் ஆசிரியர்களுக்கு அப்படித் தப்பும் வழி தெரியவில்லை.

விருப்ப ஓய்வு வேண்டுமென்றால் 50 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது 20 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும். மூன்று மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். ஓய்வு வயதோ எதிர்த்திசையில் போனது. 58 ஆக இருந்தது 2020-ல் 59 ஆகி, 2021-ல் 60 ஆனது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இல்லாமல் பங்களிப்புத் திட்டத்தில் வந்தவர்கள். வீட்டுக் கடன், பெண்ணின் கல்யாணம், பையனின் கல்லூரிக் கட்டணம் என்று எல்லாம் மாதக் கடைசி நாள் வங்கிக்கு வரும் சம்பளத்தின் மேல் கட்டியவை. நாற்பத்தைந்து வயதில் அதை உதறிவிட்டு எந்தக் கடையில் போய் உட்கார்வது?

புலம்பல் பொய்யில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 27-வது பிரிவு, ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. உடனே விலக்கும் சொல்கிறது: பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். அந்த விலக்குகளின் இடுக்கு வழியாகத்தான் எல்லாம் உள்ளே வருகின்றன. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாகத் தெருத்தெருவாகப் படிவத்தோடு அலைந்தவர்களில் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் இருந்தார்கள். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அவர்கள் தலையில்தான்.

தினசரி வருகைப் பதிவு முதல் நலத்திட்டப் பொருள் விநியோகம் வரை ‘எமிஸ்’ இணையதளத்தில் ஏற்ற வேண்டும். 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. நல்ல நோக்கம்தான், கொரோனாவில் பின்தங்கிய சிறு பிள்ளைகளுக்கானது. ஆனால் மதிப்பீடு செயலியில். மலையடிவாரக் கிராமத்தில், செல்போன் கோபுரம் எட்டாத ஓராசிரியர் பள்ளியில், ஆசிரியை வாசலுக்கு வந்து போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அவர் சொந்த போன், சொந்த டேட்டா.

ஊதியத்திலும் உள்ளுக்குள்ளே சுவர்கள் உண்டு. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். ஜூன் 1-ல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரு நாள் வித்தியாசம். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று அவர்கள் சென்னையில் மயங்கி மயங்கி விழுந்து உண்ணாவிரதம் இருந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். 2012-ல் ஐயாயிரம் ரூபாய்க்கு வாரம் மூன்று அரைநாள் என்று சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள் வேறு இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் வேலை, தனியார் பள்ளிச் சம்பளம் என்று இரண்டு உலகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். பத்தாண்டுக்கு மேல் போராடியும் 2024-ல் அவர்கள் தொட்டது 12,500.

வெளிநாட்டு நிலைமையைப் பார்த்தால், உலக அளவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் வேலையை விட்டு விலகும் விகிதம் 2015-ல் 4.6 சதவீதமாக இருந்து 2022-ல் 9 சதவீதம் ஆகிவிட்டது என்று யுனெஸ்கோ சொல்கிறது. இங்கிலாந்தில் சேர்ந்து ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் போய்விடுகிறார். அங்கே அரசுப் பள்ளிகளில் ஆளில்லை என்பது தேர்தல் பிரச்சினை. இங்கே அரசுப் பள்ளி வேலைக்கு லட்சக்கணக்கானோர் வரிசையில் நிற்பதால், உள்ளே இருப்பவர் களைத்துப் போனது யாருக்கும் பிரச்சினையாகத் தோன்றவில்லை. ‘உனக்கு வேண்டாமா, நகரு, நான் வர்றேன்’ என்று பின்னால் ஒரு குரல் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. புலம்புகிறவருக்கும் அது கேட்கிறது. அதனால்தான் டீக்கடையோடு நிறுத்திக்கொள்கிறார்.

இந்தச் சமநிலையை 2025 செப்டம்பர் 1-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆட்டிவிட்டது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும், அல்லது கட்டாய ஓய்வில் அனுப்பப்படுவார்கள். ஐந்தாண்டுக்குள் ஓய்வுபெறப் போகிறவர்கள் தேறாமலே தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. டெட் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, இருபத்தைந்து ஆண்டு பாடம் நடத்தியவர், 150 கேள்விகளில் தேர்ச்சி மதிப்பெண் எடுத்தால்தான் நீடிக்க முடியும். ‘விட்டுட்டுப் போயிடலாம்னு இருக்கு’ என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தவர், தீர்ப்பு வந்த வாரம் அந்த வசனத்தை நிறுத்திக்கொண்டார். விட வேண்டியே வந்துவிடும் என்றபோது, விட மனமில்லை. குழந்தை வளர்ச்சி, உளவியல் கைடு வாங்கி ராத்திரி பதினொரு மணிக்குப் படிக்கிறார். வீட்டில் பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு இரண்டு மனம். சொல்லிக்கொடுக்கிறவருக்குத் தகுதி வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் தகுதியை உரசிப் பார்க்கும் இடம் வகுப்பறை. எமிஸிலும் படிவத்திலும் நேரத்தைத் தின்றுவிட்டு, மிச்ச நேரத்தில் உளவியல் மனப்பாடம் செய் என்பது எந்த ஊர் நியாயம்?

கடைக்கார டீச்சரிடம் மறுபடி வருகிறேன். தீர்ப்புக்குப் பிறகு அவருடைய கடைக்கு ஒரு புதுவகை வாடிக்கையாளர்கள் வந்தார்களாம்: ஐம்பதை நெருங்கும் அரசு ஆசிரியர்கள், டெட்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க. போட்டோ அளவைக் குறைத்து, கையெழுத்தை ஸ்கேன் செய்து, பி.எட். மார்க் ஷீட்டை ஏற்றிக் கொடுத்தார். ஒருவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கணக்கில் எந்தப் பாடத்திலிருந்து நிறையக் கேட்பார்கள் டீச்சர் என்று கேட்டிருக்கிறார்.

கேட்டது சரியான ஆளிடம்தான். கடைக்கார டீச்சர் 2013-லேயே டெட் தேறியவர். அப்போதே வேலை வரும் என்று காத்திருந்தார். 2018-ல் டெட் தேறினால் போதாது, நியமனத்துக்குத் தனியாக இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று அரசாணை 149 வந்தது. 2021-ல் டெட் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று அறிவித்தார்கள். ஆயுளுக்கும் செல்லும் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. அது இல்லாமல் வேலையில் இருப்பவருக்கு அவர் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறார்.

கோபம் வரவில்லையா என்று கேட்டேன். அவங்க என்ன செய்வாங்க பாவம், பயந்து போய் வர்றாங்க என்றார். அப்புறம், நான் கேட்க நினைத்து, எப்படிக் கேட்பது என்று தயங்கிய கேள்வியை அவரே எடுத்தார். “மறுபடி போவியான்னு எல்லாரும் கேக்கறாங்க. கவர்மென்ட் ஆர்டர் வந்தா நாளைக்கே கடையை எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டுப் போயிடுவேன் சார். எமிஸ்தானே? அதத்தான் தினம் நாலு பேருக்குப் போட்டுக் குடுக்கறேனே. பிரைவேட்டுன்னா பதினஞ்சாயிரம் குடுத்தாலும் வேண்டாம்.”

இருபதாயிரம் கொடுத்தால்?

கொஞ்சம் யோசித்தார். “கேன்வாஸ் இருக்குமா?” என்று கேட்டார்.